ஓரடிக்கு நாலு படம்

ஜனவரி 6

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முட்டிவலி, எனக்கு அவள் பேச்சு. மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ, மாப்பிள்ளை, பட்டாணி மூன்று பேரும் சௌக்கியம்தானே? குளிர் அதிகம் என்றாயாம். குழந்தைக்குக் காதை மூடிவிடு.

அப்பா எப்போதிலிருந்து கம்ப்யூட்டரில் கடிதம் தட்ட ஆரம்பித்தார் என்று யோசிப்பாய். செருப்புக் கடையை மூடியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன் அம்மா ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "முப்பது வருஷமா அடுத்தவங்க காலைப் பிடிச்சீங்க. இப்ப நான் உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எங்கயாச்சும் வெளிய போங்க."

போனேன். நூலகத்து மாடியில் எல்லா வயதுக்காரருக்கும் இலவசமாகக் கம்ப்யூட்டர் அனிமேஷன் சொல்லித் தருகிறார்கள். பொம்மைப் படம் எடுப்பதுதான். டீச்சர் சின்னப் பெண். என் கடைக்கு வந்திருந்தால் பள்ளிக்கூட ஷூவைத்தான் எடுத்துக் காட்டியிருப்பேன். என் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் வரைகிற உருவமெல்லாம் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறது.

ஏப்ரலில் எங்கள் படங்களைப் பெரிய திரையில் போடுவார்களாம். நான் பட்டாணி நடப்பதைப் போடப் போகிறேன். எட்டு மாதத்தில் விமானம் ஏறியவள். இப்போது இரண்டரை வயது. அவள் நடந்து நான் பார்க்கவே இல்லை. வீடியோ போனில் அவள் நெற்றியும் உன் தாடையும்தான் தெரிகின்றன. அதனால் நடக்கிற மாதிரி நாலு போட்டோ அனுப்பு.

அவசரமில்லை. நாளைக்குள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அப்பா


ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா, அல்லது அம்மா மறக்காமல் போட வைக்கிறார்களா?

நீங்கள் வகுப்புக்குப் போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவரிடம் சொன்னேன். "மாமா படம் எடுத்தா நான்தான் ஹீரோன்னு சொல்லு" என்கிறார்.

பட்டாணியின் படங்கள் அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பேசுகிறாள். "தாத்தா எங்க?" என்றால் போனைக் காட்டுகிறாள். நடக்கிற படம் பிறகு எடுக்கிறேன். கேமராவைப் பார்த்தால் அசையாமல் இருந்துவிடுகிறாள். எனக்கும் இரவு வேலை, பகலில் தூக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 21

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். இரத்த அழுத்தம் நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று வகுப்புக்குப் போனேன்.

நீ அனுப்பியது எல்லாமே உட்கார்ந்த படம். சிரிப்பு அள்ளுகிறது, ஆனால் சிரிப்பை வைத்து எப்படி நடக்க வைப்பது? சரி, ஆயிரம் குழந்தைக்கு ஷூ மாட்டியவன், எனக்குத் தெரியாத நடையா என்று மனசிலிருந்தே வரைந்தேன். ஓட விட்டுப் பார்த்தால் பட்டாணி நடக்கவில்லை, பனிக்கட்டியில் வழுக்கிப் போகிறாள். பல் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வாயும் திறந்தேதான் இருக்கிறது.

டீச்சர் சொன்னாள்: "மனசுலேருந்து போடாதீங்க சார். உங்க மனசுல இருக்கறது குழந்தைங்கற நெனப்பு. குழந்தையைப் பாத்துப் போடுங்க."

ஓரடிக்கு நாலு படம் வேண்டுமாம். குதிகால் தரையில் படுவது ஒன்று. முட்டி மடங்கி உடம்பு கீழே இறங்குவது ஒன்று. ஒரு கால் இன்னொரு காலைத் தாண்டுவது ஒன்று. உடம்பு மேலே எழும்புவது ஒன்று. அந்தப் போட்டோவைத் திரையில் அடியில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் போல ஒன்றை விரித்து, பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். பக்கவாட்டில் நின்று எடு. கால் முழுசாகத் தெரியட்டும்.

கடை மூடுகிற அன்று ஒரு ஜோடி எடுத்து வைத்து உன்னிடம் கொடுத்து அனுப்பினேனே, சிவப்பு ஷூ, அதை மாட்டிவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு,

எல்லோரும் நலம்தானே? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் பழுதோ என்று நூலகத்தில் வேறொன்றில் திறந்து பார்த்தேன். அதிலும் வரவில்லை.

நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. வகுப்பில் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். தையல்காரம்மா ஒருவர் துணி காற்றில் பறப்பதைப் போட்டு முடித்தேவிட்டார். நான் இன்னும் முதல் பாடத்துக் குதிக்கிற பந்தோடு நிற்கிறேன். பந்து நன்றாகக் குதிக்கிறது. பந்துக்குக் கால் இல்லை பார்.

இருப்புக் கொள்ளாமல் தெருவில் போகிற வருகிற குழந்தைகளின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தாய் என்னை முறைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். உன் அம்மாவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"அவளை நச்சரிக்காதீங்க. பந்தையே போட்டுக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

"பந்தா என் பேத்தி?" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலை நெருக்கடி.

ஒரு படம் இணைத்திருக்கிறேன். சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உங்கள் மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பட்டாணி நிற்கிற படத்தைத் திரை முழுக்கப் பெரிசாக்கி எல்லோருக்கும் காட்டினேன். பல் டாக்டர் பல்வரிசை பிரமாதம் என்றார். பிறகு வரைய உட்கார்ந்தேன். கோடு கோடாகப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆனால் சோபாவை எடுத்துவிட்டு ஓட விட்டால், குழந்தை நிற்காமல் பொத்தென்று விழுகிறாள். மறுபடி வரைந்தேன், மறுபடி விழுந்தாள்.

டீச்சரைக் கூப்பிட்டேன். "கோட்டைக் காப்பி அடிக்காதீங்க சார். எடை எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க" என்று, தலையிலிருந்து தரைக்கு நேராக ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு பாதத்துக்கு வரவே இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவங்க எடை கால்ல இல்ல சார். யாரோ பின்னாலேருந்து பிடிச்சிருக்காங்க" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், சட்டை மடிப்புக்குள் மாப்பிள்ளையின் மோதிரம் போட்ட விரல் தெரிகிறது.

பாவம், கேமராவைப் பார்த்துப் பயந்திருப்பாள், அதனால் பிடித்திருப்பார். நான் வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை ஹீரோ ஆக வேண்டுமென்றால் முழு உடம்போடு வரட்டும், விரல் மட்டும் வேண்டாம் என்று சொல். ஏப்ரல் முதல் வாரம் திரையிடுகிறார்கள். முகமெல்லாம் வேண்டாம், காலை மட்டும் எடு. நாலே நாலு படம்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 22

அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கேட்ட நாலு படமும் இதில் இருக்கின்றன. ஷூ போட மாட்டேன் என்கிறாள், வெறுங்கால்தான்.

இதற்குமேல் கேட்காதீர்கள், அப்பா.

மகள்


மார்ச் 30

அன்பு மகளுக்கு,

படங்கள் கிடைத்தன. இங்கே நாங்கள் நலம்.

வெயில் ஏறிவிட்டது. நூலகத்து மாடியில் மின்விசிறி சுற்றுகிறதா, சுற்றுவது போல் பாவனை செய்கிறதா என்று தெரியவில்லை. பல் டாக்டருக்குப் பல்வலி. வேறு டாக்டரிடம் போக வெட்கப்பட்டுக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி வகுப்புக்கு வருகிறார். நம் தெருமுனையில் பள்ளம் தோண்டிவிட்டார்கள். எதற்கு என்று கேட்டால் தோண்டியவருக்கும் தெரியவில்லை.

நீ அனுப்பிய நாலு படத்தையும் அடியில் வைத்து வரைந்து முடித்தேன். நன்றாக நடக்கிறாள். குதிகால், இறக்கம், தாண்டல், எழும்பல், எல்லாம் சரியாக வந்துவிட்டது. டீச்சர் கைதட்டினாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள்.

வேறு விசேஷமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பிறந்தபோது உன் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பட்டாணிக்கும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் காலைத் தூக்கிப் பார்த்து, "இவளுக்கு ஷூ வாங்கறவன் செத்தான்" என்று சொல்லி உன்னிடம் திட்டு வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? இந்த நாலு படத்திலும் அந்த விரல் தரையில் ஒழுங்காக இருக்கிறது.

வளர வளரச் சரியாகிவிட்டது போல.

அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை. இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விரல் சரியாகவில்லை. இன்னும் ஏறித்தான் இருக்கிறது. அந்தக் கால் கீழ்வீட்டுக் குழந்தையுடையது. அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, மாடிப்படிக்குப் பக்கத்தில் நடக்க விட்டு எடுத்தேன்.

பட்டாணி நடப்பதில்லை, அப்பா. நின்றதும் இல்லை. இடுப்புக்குக் கீழே தசையில் பலமில்லை. ஒன்றேகால் வயதில் தெரிந்தது. வலி எதுவும் இல்லை. நடப்பாள் என்றும் டாக்டர் சொல்லவில்லை, நடக்கமாட்டாள் என்றும் சொல்லவில்லை. வாராவாரம் பயிற்சிக்குப் போகிறோம்.

அம்மாவுக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். அம்மாவிடம் சண்டை போடாதீர்கள்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கடை மூடிய அன்று வீட்டுக்கு வந்து அப்படிச் சிரிக்க வைத்தீர்கள். "நாளையிலேர்ந்து நான் முதலாளி, உங்கம்மா ஒருத்திதான் கஸ்டமர், அவளும் ஒண்ணும் வாங்க மாட்டா" என்றீர்கள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டீர்கள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பட்டாணியை இவரிடம் விட்டுவிட்டு நாலு நாள் விடுமுறைக்குத் தனியாக வந்திருந்த நான், வெளியே துண்டோடு நின்றிருந்தேன். இதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பைச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறப்பீர்கள். அந்தச் சத்தம் இங்கேயிருந்து எனக்குக் கேட்கும், அப்பா.

நீங்கள் நடக்கிற படம் கேட்டதிலிருந்து, போனில் உங்கள் குரலைக் கேட்டால் உளறிவிடுவேன் என்று பயந்துதான் எழுத்திலேயே தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கீழ்வீட்டுக் காலை அனுப்பியது உங்களை ஏமாற்ற மட்டும் இல்லை. நீங்கள் வரைந்து அனுப்பினால், படத்திலாவது அவள் நடப்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

உங்கள் மகள்


ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா? முதலில் அதைச் செய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சொன்ன மாதிரியே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. தெருமுனைப் பள்ளம் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது, குழாயை உடைத்து வைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் வெளியே வந்து உன் அம்மா முன்னாலேயே அழுதேன். பாவம், அவளும் ஒன்றரை வருஷமாகத் தனியாக அழுதிருக்கிறாள். அவள் எந்தக் குழாயைத் திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

சண்டை போடவில்லை. "ஏன்டி, எங்கிட்ட மட்டும் மறைச்சே?" என்றேன். "நீங்க ஷூ அனுப்பிட்டு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றாள்.

படம் திரையிட்டார்கள். நான் பந்தைப் போட்டேன். டீச்சருக்கு ஒரே ஏமாற்றம். "அவ்வளவு நல்லா நடந்தாங்களே சார், அதை ஏன் எடுத்துட்டீங்க?" என்றாள். "பாத்துதான் போட்டேன். ஆனா வேற குழந்தையைப் பாத்துட்டேன்" என்றேன்.

அந்த நடையை நான் அழிக்கவில்லை. உனக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் திரும்பத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தேன். கீழ்வீட்டுக் குழந்தை நம் பட்டாணியின் முகத்தை மாட்டிக்கொண்டு எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எனக்கு நம் வீட்டுப் பட்டாணியைப் பார்க்க வேண்டும். அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் எப்படிப் போய் எடுக்கிறாள்? அதை எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையின் விரல் வேண்டாம். அவசரமில்லை. இந்தத் தடவை நிஜமாகவே அவசரமில்லை.

அன்புடன்,
அப்பா


ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். இதை எழுதும்போது உண்மையாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? குழாயில் தண்ணீர் வந்ததா?

அந்த நடையை அனுப்ப வேண்டாம், அப்பா. இப்போது வேண்டாம்.

பட்டாணியின் வீடியோ அனுப்பியிருக்கிறேன். யாரும் பிடிக்கவில்லை. இவர் பக்கத்து அறையில் போய் நின்றுகொண்டார். அலமாரி மேலிருந்து டிவி ரிமோட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நான் எதிர்மூலையில் உட்கார்ந்து எடுத்தேன். எப்படிப் போகிறாள் என்று நீங்களே பாருங்கள். வேகத்தில் இரண்டு இடத்தில் படம் கலங்கிவிட்டது.

கையில் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் சிவப்பு ஷூதான். பார்க்கவே முடியாமல் பரணில் போட்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று இறக்கினேன். சும்மா விளையாடக் கொடுத்தேன். காலைப் பார்க்கவே இல்லை, நேராகக் கையில் மாட்டிக்கொண்டாள். தரை சில்லென்று இருக்கிறதல்லவா, கைக்கு இதமாக இருக்கிறது போல. இப்போது கழற்றினால் அழுகிறாள். கீழ்வீட்டில் சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மகள்


மே 12

அன்பு மகளுக்கு, மாப்பிள்ளைக்கு, வேகத்தில் கலங்கிப் போகிற பட்டாணிக்கு,

நாங்கள் சுகம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, உன் அம்மா வாளியெல்லாம் நிரப்பி வைத்துவிட்டாள். எனக்குத் தேவைப்படும் என்று நினைத்தாளோ என்னவோ.

வகுப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் மாடிச் சாவியைத் தந்திருக்கிறாள். வீடியோவைப் படம் படமாகப் பிரித்து அடியில் வைத்து வரைந்தேன். நாலு படம் இவளுக்குப் பத்தாது. முதலில் இரண்டு கையையும் முன்னால் ஊன்றுகிறாள். அப்புறம் நாக்கு வெளியே வருகிறது. அப்புறம் தோளைத் தூக்கி உடம்பை முன்னால் எறிகிறாள், கால் இரண்டும் பின்னால் சாவகாசமாக வருகின்றன. எடை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் இருக்கிறது. ஓட விட்டேன், விழவே இல்லை. நேராக ரிமோட்டைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு பார்த்தார்.

இத்துடன் இணைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சொல். நாக்கு கை ஊன்றுவதற்கு முன்னால் வருகிறதா, கூடவே வருகிறதா என்று எனக்குச் சந்தேகம். அந்த இடத்தில்தான் படம் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை எடுத்து அனுப்பு.

ஷூவைப் பற்றி. வீடியோவில் ஓரிடத்தில் கையைத் தூக்கும்போது அடிப்பாகம் தெரிகிறது. நிறுத்திப் பெரிசாக்கிப் பார்த்தேன். வலது ஷூவின் முன்பக்கம் தேய ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு வலக்கைப் பழக்கம். உள்ளே கை ஆடவும் ஆடுகிறது, குதிகால் பக்கம் இடம் அதிகம். இப்படியே விட்டால் மணிக்கட்டில் உராய்ந்து புண்ணாகும்.

முப்பது வருஷம் கடையில் இருந்தேன், கைக்கு அளவு கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. ஒரு வெள்ளைத்தாளை விரித்து, பட்டாணியின் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. விரலை விரித்து வைக்கச் சொல். அவசரம்.

அன்புடன்,
அப்பா